டொக்கம்மாவும் பல் டாக்டரின் ஜாடிகளும்

உலகத்தில் உள்ள பொருள்களை டொக்கம்மா இரண்டாகப் பிரித்து வைத்திருந்தாள். தட்டினால் 'ணங்' என்று சொல்பவை ஒரு வகை. 'டொக்' என்று சொல்பவை இன்னொரு வகை. மனிதர்களைப் பிரிக்கும் சிரமம் அவளுக்கு இருக்கவில்லை. அவர்கள் எல்லோரும் ஒரே வகை.

அவள் வேலை பார்த்தது கழிப்பறைப் பீங்கான் செய்யும் தொழிற்சாலையில், சோதனைப் பிரிவில். சூளையிலிருந்து வெளியே வருகிற ஒவ்வொன்றையும் மரச் சுத்தியலால் லேசாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தாலும் தெரியாத விரிசல் காதுக்குத் தெரிந்துவிடும். நல்லது மணி மாதிரி பேசும். விரிசல் விட்டது தொண்டை கட்டியவன் மாதிரி முனகும். முனகினால் அவள் "டொக்" என்று ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்ததற்கு நகர்வாள். பின்னால் வருகிறவன் அதைப் போட்டு உடைப்பான். ஏன் விரிசல் விட்டது, யார் கை தவறியது, அடுத்த தடவை எதை மாற்ற வேண்டும் என்பதையெல்லாம் அவள் கேட்டதும் இல்லை, சொன்னதும் இல்லை. அது வேறு பிரிவின் தலைவலி.

'டொக்கம்மா' என்ற பெயரை வேலையாட்கள் முதுகுக்குப் பின்னால் வைத்தார்கள். அவள் அதை முன்பக்கமாகவே வாங்கிப் பட்டம் போல அணிந்துகொண்டாள். ஊரில் பாதிப் பேர் தினமும் காலையில் நம்பி உட்காரும் இடம் அவள் தட்டி ஒப்புக்கொண்டது. அவர்களில் ஒருவர்கூட அவளை நன்றியோடு நினைத்ததில்லை என்பது மனித குலத்தைப் பற்றி அவள் கொண்டிருந்த கருத்துக்கு ஒத்துப்போனது.

அதற்கும் முன்னால், கல்யாணத்துக்கு முந்தைய ஒரு காலத்தில், டொக்கம்மா மண்பாண்ட வேலை செய்தவள். அப்பாவின் பட்டறையில் சக்கரத்தில் உட்கார்ந்து ஜாடி, குடுவை, கோப்பை என்று எடுத்துக் குவித்தவள். "சின்னவ கையைப் பாருங்க" என்று அப்பா வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுவாராம். இதைச் சொன்னது டொக்கம்மாதான். ஆனால் பொய் இல்லை. பிறகு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. கையில் மண் ஒட்டாத வேலை. போய்விட்டாள். பட்டறையில் அவளுடைய அக்கா தங்கிவிட்டாள். சிலர் போவதற்கென்று பிறக்கிறார்கள், சிலர் தங்குவதற்கென்று பிறக்கிறார்கள் என்று டொக்கம்மா அதைப் புரிந்துகொண்டாள். தங்கியவர்களைப் பற்றி அவளுக்கு இரக்கம் உண்டு. அதாவது, இளக்காரம் உண்டு. வீட்டார் என்பதால் அதற்கு இரக்கம் என்று பெயர்.

ஓய்வு பெற்ற பிறகுதான் சனி பிடித்தது. அவளை அல்ல, அவள் வீட்டுக்காரரை. பள்ளிக்கூட வேன் ஓட்டி ஓய்ந்த மனிதர். வாழ்க்கையில் அவர் கேட்டது அமைதி ஒன்றைத்தான், அதையும் சத்தமாகக் கேட்டதில்லை. டொக்கம்மா காலையில் எழுந்து டீ கிளாஸைத் தட்டினாள். சமையலறை ஓடுகளை வரிசையாகத் தட்டி, மூன்று ஓடுகளின் மேல் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டாள். குளியலறைக்குள் போய் வெகு நேரம் ஏதோ தட்டிவிட்டு, "இதை எவன் பாஸ் பண்ணினான்?" என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தாள். வீட்டுக்காரர் அன்று பிற்பகலே பிளாஸ்டிக் டம்ளர் வாங்கி வந்து அதில் டீ குடிக்கத் தொடங்கினார். பிளாஸ்டிக், எப்படித் தட்டினாலும் எதையும் ஒப்புக்கொள்ளாது.

"உங்க அக்கா பட்டறையில ஒரு சக்கரம் காலியா கிடக்காம்" என்று அவர் ஒரு நாள் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சொன்னார்.

"அதுக்கு?"

"சும்மா சொன்னேன்."

"நீங்க எதையும் சும்மா சொல்ற ஆள் இல்லையே. பேசவே மாட்டீங்க."

செய்தித்தாள் இன்னும் கொஞ்சம் மேலே போனது.

டொக்கம்மா ஓடு தட்டப் போய்விட்டாள். ஆனால் சக்கரத்தைப் பற்றிய வாக்கியம் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அவளுக்கு ஒரு குறை இருந்தது. யாரிடமும் சொல்லாத குறை. முப்பது வருஷம் தட்டியது அத்தனையும் அடுத்தவன் செய்தது. அதற்கு முன்னால் தன் கையால் செய்தவற்றை அவள் தட்டிப் பார்த்ததே இல்லை. சக்கரத்திலிருந்து எழுந்தால் அவள் வேலை முடிந்தது. சூளை திறக்கிற நாளில் அவள் அங்கே இருந்ததில்லை. தான் செய்த ஒரு பொருள் 'ணங்' என்று சொல்வதைக் காதால் கேட்க வேண்டும். கேட்காமல் செத்துப் போனால், அவளும் எதையும் செய்யாமல் மற்றவனைக் குறை சொன்ன கூட்டத்தில் ஒருத்தியாகி விடுவாள். அந்தக் கூட்டத்தின் மேல்தான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அதிக இளக்காரம்.

பட்டறை அதே சந்தில்தான் இருந்தது. ஒரு பக்கம் பழைய டயர் கடை, இன்னொரு பக்கம் சாவி வெட்டுகிறவர். உள்ளே போன டொக்கம்மாவுக்கு முதலில் கண்ணில் பட்டது, அக்கா நொடித்துப் போகவில்லை என்பது. அது ஏமாற்றமாகத்தான் இருந்தது. சுவருக்கு வெள்ளை அடித்திருந்தது. மின்சாரச் சக்கரங்கள் வரிசையாக நின்றன. சனி ஞாயிறுகளில் பேங்க்காரர்களும் கம்ப்யூட்டர்காரர்களும் வந்து, வாரம் முழுக்க ஆட்களைப் பிசைந்தது போதாமல் மண்ணையும் பிசைந்துவிட்டுப் போனார்கள். போகும்போது தாங்கள் செய்த கோணல் கிண்ணத்தை ஒரு பச்சைக் குழந்தையை ஏந்துவது போல ஏந்திப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அலமாரியில் அக்காவின் கோப்பைகள். டொக்கம்மா ஒன்றை எடுத்தாள். பக்கவாட்டில் ஒரு விரல் பள்ளம்.

"இது என்ன, சொட்டை?"

"பிடிச்சுக்க வசதியா வெச்சது" என்றாள் அக்கா. "வேணும்னேதான் வைக்கிறேன். அது இல்லைன்னா மிஷின்ல பண்ணினதுன்னு சொல்லி வாங்க மாட்டேங்கிறாங்க."

மிஷின் மாதிரி சுத்தமாகச் செய்யக் கைக்குப் பல வருஷம் பிடிக்கும். அப்படிச் செய்த பிறகு, கையால் செய்தது என்று நிரூபிக்க அதைக் கெடுக்க வேண்டும். டொக்கம்மா கோப்பையைக் காதருகே வைத்து விரல் கணுவால் தட்டினாள். நன்றாகவே பேசியது. அதுவும் ஏமாற்றம்தான்.

"என்னடி, தட்டுறதுக்குக் கழிப்பறைப் பேசின் எல்லாம் தீர்ந்துபோச்சா?" என்றாள் அக்கா.

"ரிட்டயர் ஆயிட்டேன்."

"தெரியும். உன் வீட்டுக்காரர் ஃபோன் பண்ணினார். அழாத குறை."

"அந்தக் காலிச் சக்கரம் எனக்கு வேணும்."

"அதை டாக்டர் கேட்டிருக்கார்."

"எந்த டாக்டர்?"

"பல் டாக்டர். கிளாஸுக்கு வந்து கத்துக்கிட்டவர். இப்ப தனக்குன்னே ஒரு சக்கரம் வேணும்னு காத்துக்கிட்டு இருக்கார்."

"பல் பிடுங்குறவருக்கு எதுக்குக்கா சக்கரம்?"

"கழிப்பறை தட்டுறவளுக்கு எதுக்கோ, அதுக்குத்தான்."

டொக்கம்மா இதை மனத்துக்குள் தட்டிப் பார்த்தாள். விரிசல் இல்லாத பதில்.

அக்காவிடம் ஒரு தேயிலைக் கடைக்காரர் மூடி போட்ட ஜாடிகள் கேட்டிருந்தார். காற்று புகாமல் மூட வேண்டும் என்பது மட்டும்தான் அவருடைய நிபந்தனை; அழகு அவருக்கு ஒரு பொருட்டில்லை. அக்கா அதையே போட்டியாக்கினாள். டாக்டர் பத்து ஜாடி, தங்கச்சி பத்து ஜாடி. யாருடையது கடைக்குப் போகிறதோ அவர்களுக்குச் சக்கரம்.

"யார் பார்த்துச் சொல்றது?"

"நீதான். உன்னை விட்டா இங்க யாருக்கு அந்தக் காது இருக்கு?"

போட்டியாளரையே நடுவராக்கும் அளவுக்கு அக்காவுக்கு வயதாகிவிட்டதே என்று டொக்கம்மா வருத்தப்பட்டாள். மகிழ்ச்சியோடு வருத்தப்பட்டாள்.

கற்ற தொழில் கைக்கு மறக்காது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். மறந்துவிட்டது. முதல் நாள் அவள் சக்கரத்தின் மேல் வைத்த மண், நடுவில் நிற்க மறுத்துக் குடிகாரன் மாதிரி சுற்றிச் சுற்றித் தள்ளாடியது. பிடித்து அமுக்கினால் ஒரு பக்கம் பிதுங்கியது. விரலை உள்ளே இறக்கித் திறந்தால், ஒரு பக்கச் சுவர் பலகை மாதிரியும் மறு பக்கம் காகிதம் மாதிரியும் வந்தது. கடைசியில் அது தன் மேலேயே மடிந்து விழுந்தது. டொக்கம்மா தன் கைகளைப் பார்த்தாள். யாரோ தனக்குத் தெரியாமல் இவற்றை மாற்றி வைத்துவிட்டது போலிருந்தது.

"பரவாயில்லைம்மா, எனக்கும் மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு" என்றார் பக்கத்துச் சக்கரத்தில் இருந்த பல் டாக்டர்.

டொக்கம்மாவை யாரும் அவ்வளவு கேவலமாகத் திட்டியதில்லை.

பல் டாக்டர் நெட்டையான, சுத்தமான மனிதர். மண் பிசைவதற்கு முன்னால் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். பிசைந்த பிறகு கழுவ மறந்துவிடுவார். சக்கரத்தில் உட்கார்ந்தால் ஜாடியோடு பேசுவார். "கொஞ்சம் வாயைத் திறங்க. அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம். வலிக்காது." அவர் ஜாடிகளும் அவர் நோயாளிகளைப் போலவே ஒரு பக்கமாகச் சாய்ந்து, வாயைப் பிளந்துகொண்டு, எப்போது விடுவார் என்று காத்திருக்கும் தோற்றத்தில் வந்தன.

டொக்கம்மாவின் கைக்குத் தொழில் திரும்பி வந்தது பழகியதால் அல்ல, கோபத்தால். 'பரவாயில்லைம்மா' என்ற சொல்லை நினைத்துக்கொண்டு மண்ணை அமுக்கினாள். மண் நடுவில் நின்றது. அது பயந்து நின்ற மாதிரி இருந்தது. இரண்டாவது வாரத்தில் சுவர் சீராக எழுந்தது. உள்ளே ஒரு கை, வெளியே ஒரு கை, இரண்டுக்கும் நடுவில் மண் மெலிந்து மேலே ஏறியது. அந்தச் சமயங்களில் அவள் முகத்தில் ஒரு அமைதி வரும். யாராவது பார்த்தால் உடனே அதை எடுத்துவிடுவாள்.

"அம்மா, இது ஏன் ஒரு பக்கமாவே சாயுது?" என்று டாக்டர் ஒரு நாள் கேட்டார்.

"தெரியலையா?"

"தெரியலைங்க."

"எனக்குத் தெரியும்."

அவர் காத்திருந்தார். அவள் தன் ஜாடியின் விளிம்பைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சொல்ல மாட்டீங்களா?"

"சோதிக்கிறவ சொல்லித் தர மாட்டா டாக்டர். தட்டிப் பார்ப்பா. அவ்வளவுதான்."

"நல்லது, நல்லது" என்றார் டாக்டர், எதுவோ கற்றுக்கொண்டவர் போல.

பத்து ஜாடிகளும் அச்சில் வார்த்தது போல வந்தன. காலிப்பர் என்ற அளவுக் கவ்வியை வைத்து ஜாடியின் வாயை அளந்தாள், மூடியின் அடியை அளந்தாள். மயிரிழை பிசகவில்லை. சக்கரத்திலிருந்து அறுத்து எடுத்தவற்றைத் தொழிற்சாலையில் பார்த்த ஒழுங்குப்படியே அடுக்கினாள். ஜன்னலோரம் ஒரு பலகையில் ஜாடிகள். எதிர்ச் சுவரோரம் இன்னொரு பலகையில் மூடிகள். தொழிற்சாலையில் தண்ணீர்த் தொட்டி ஓர் அடுக்கில் காயும், அதன் மூடி வேறோர் அடுக்கில் காயும்; எந்த மூடியும் எந்தத் தொட்டிக்கும் பொருந்தும். அதற்குத்தான் ஒழுங்கு என்று பெயர். அளந்ததைத் திரும்பப் பொருத்திப் பார்ப்பது, அவளைப் பொறுத்தவரை, அளவையே அவமதிப்பது.

டாக்டரோ ஒவ்வொரு ஜாடியையும் செய்த கையோடு அதன் மூடியையும் செய்து, இரண்டும் கொஞ்சம் இறுகியதும், மூடியை ஜாடியின் வாயில் வைத்து, மேலே ஒரு பழைய துணியையும் போர்த்தினார். தினமும் க்ளினிக் முடிந்து வந்து துணியை விலக்கிப் பார்த்து, ஜாடியைக் கால் வட்டம் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

"என்ன டாக்டர், காய்ச்சலா அதுக்கு?" என்றாள் டொக்கம்மா.

"கிளாஸ்ல இப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

"கிளாஸ்ல!" என்றாள் அவள், அந்தச் சொல்லை இரண்டு விரலால் தூக்கி எறிகிற மாதிரி.

ஒரு நாள் அக்கா அந்தப் பக்கம் வந்தாள். ஜாடிப் பலகையைப் பார்த்தாள். மூடிப் பலகையைப் பார்த்தாள். மூடிப் பலகைக்கு முன்னால் வெகு நேரம் நின்றாள். வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, கையை ஏப்ரனில் துடைத்தபடி போய்விட்டாள். பொறாமை என்று டொக்கம்மா தீர்மானித்தாள். பாவம், அந்தக் காலத்திலிருந்தே இருக்கிறது.

பச்சை மண்ணின் மேலேயே பளபளப்புக்கான மெருகுக் கரைசலைத் தெளித்து ஒரே சூட்டில் சுட்டு எடுப்பது அந்தப் பட்டறையின் வழக்கம். சூளையை அடுக்குவது எப்போதும் அக்காதான். அவள் டாக்டரின் ஜாடிகளை மூடியோடும், தங்கச்சியின் ஜாடிகளை ஒரு தட்டிலும், மூடிகளை வேறு தட்டிலுமாக வைத்துக் கதவைச் சாத்தினாள்.

திறந்த நாள் ஒரு சனிக்கிழமை. வகுப்புக்கு வந்த கும்பல் முழுக்கச் சுற்றி நின்றது. டொக்கம்மா தன் மரச் சுத்தியலைப் பையிலிருந்து எடுத்தாள். அதைப் பார்த்ததும் கும்பலில் ஒருவர் படம் எடுத்தார்.

முதலில் தன்னுடையது. இன்னும் வெதுவெதுப்பு போகாத ஜாடியை இடது உள்ளங்கையில் நிறுத்தி, வலது கையால் தட்டினாள்.

ணங்.

அந்தச் சத்தம் எழுந்து, கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, பிறகுதான் போனது. டொக்கம்மா அடுத்ததை எடுக்கவில்லை. அதையே இன்னொரு தடவை தட்டினாள். சோதனைக்கு ஒரு தட்டுப் போதும். இரண்டாவது தட்டுக்குத் தொழிற்சாலையில் அனுமதியே கிடையாது. பத்தையும் தட்டினாள். பத்தும் ஒரே குரலில் பேசின. அவள் தொண்டையை ஒரு தடவை செருமிக்கொண்டாள். சூளைப் புகை என்று யாராவது நினைத்துக்கொள்ளட்டும்.

"மூடியைப் போடு" என்றாள் அக்கா.

டொக்கம்மா ஒரு மூடியை எடுத்து ஜாடியின் மேல் வைத்தாள். அது உட்காரவில்லை. ஒரு பக்கம் ஏறி நின்றது. விரலால் அழுத்தினாள், மறுபக்கம் தூக்கிக்கொண்டு 'லொடக்' என்றது. வேறு மூடியை வைத்தாள். அது உள்ளேயே போகவில்லை. இன்னொன்று உள்ளே போய், சட்டைக்குள் விழுந்த காசு மாதிரி ஆடியது. பத்து மூடிகளையும் முதல் ஜாடியின் மேல் வைத்துப் பார்த்தாள். பிறகு இரண்டாவது ஜாடி. பிறகு மூன்றாவது. வட்டமாகத் தெரிந்த வாய்கள் எதுவும் வட்டமாக இல்லை. ஜன்னல் பக்கம் இருந்த விளிம்பு முதலில் காய்ந்து, வாயைத் தன் பக்கம் இழுத்து, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு முட்டை வடிவமாக்கியிருந்தது. மூடிகளோ துணை இல்லாமல் காய்ந்து, தங்கள் இஷ்டத்துக்கு ஓரங்களை உயர்த்திக்கொண்டிருந்தன. சக்கரத்தில் இருந்தபோது அளவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் மண் அளவுக்குக் கட்டுப்பட்டுக் காய்வதில்லை.

கும்பலின் ஃபோன்கள் கீழே இறங்கின. வாரம் முழுக்க ஆட்களைப் பிசைகிறவர்களுக்குக்கூட எப்போது படம் எடுக்கக் கூடாது என்று தெரிந்திருந்தது.

"சரி, டாக்டரோடது" என்றாள் அக்கா.

டாக்டர் எக்ஸ்ரே முடிவுக்காகக் காத்திருக்கும் நோயாளி மாதிரி நின்றார். டொக்கம்மா அவருடைய முதல் ஜாடியைத் தட்டினாள். டொக். அவள் உள்ளம் குளிர்ந்தது. அடுத்தது, அதுவும் டொக். இன்னும் குளிர்ந்தது. மூன்றாவது பேசியது. மணி மாதிரி இல்லை, கொஞ்சம் கரகரப்பாக. ஆனால் விரிசல் இல்லாத குரல். அதன் பிறகு எல்லாமே அப்படித்தான் பேசின. மூடியைத் தூக்கினாள். வைத்தாள். சாய்ந்த ஜாடியின் கோணல் வாயில் கோணல் மூடி போய் உட்கார்ந்தது, அசையவில்லை. ஈரத்திலிருந்து ஒன்றாகவே இருந்து, ஒன்றாகவே சுருங்கி, ஒன்றாகவே கோணியிருந்தன. பக்கத்து ஜாடியின் மூடி அதற்குப் பொருந்தாது. அதனதன் மூடி அதனதன் ஜாடிக்கு. பார்க்கச் சகிக்காத ஜாடிகள். ஓர் எறும்பு உள்ளே போக முடியாது.

அவள் பொய் சொல்லியிருக்கலாம். எல்லாவற்றையும் டொக் என்று சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேச அங்கே எவருக்கும் காது கிடையாது. டாக்டர் "நல்லது, நல்லது" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். முப்பது வருஷத்தில் ஒரு பேசினைப் பற்றிக்கூட டொக்கம்மா பொய் சொன்னதில்லை. இதை நேர்மை என்று யாராவது பாராட்டினால் அவளுக்குப் பிடிக்காது. பொய் சொல்ல வேண்டுமென்றால் எதிரே இருப்பவரைக் கொஞ்சமாவது மதிக்க வேண்டும். அந்த அளவுக்கு அவள் யாரையும் மதித்ததில்லை.

"டாக்டரோடதுல ரெண்டு டொக்" என்றாள். "மிச்சம் கடைக்குப் போகலாம்."

"உன்னோடது?"

டொக்கம்மா சுத்தியலைப் பையில் போட்டாள்.

"மூடி உட்காரலை. ஒண்ணும் போகாது."

டாக்டர் தன் வெற்றிக்காக மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அக்கா அவர் கையில் துடைப்பத்தைக் கொடுத்து வெளியே அனுப்பினாள். கும்பலும் மெல்ல நகர்ந்தது.

"நீ பார்த்தே" என்றாள் டொக்கம்மா. "அந்தப் பலகைகிட்ட நின்னே. வாயைத் திறந்தே."

"திறந்தேன்."

"ஏன்க்கா சொல்லலை?"

"அப்பா காலத்துல உன் ஜாடிக்கெல்லாம் மூடி எப்படிப் பொருந்துச்சு?"

"நான் அளந்து பண்ணினேன்."

"நீ சக்கரத்துல பண்ணினே. கையைக் கழுவினே. போயிட்டே. அதுக்கப்புறம் அதை எடுத்து, ஈரம் பார்த்து, மூடியை வாயில வெச்சு, துணி போத்தி, தினமும் திருப்பித் திருப்பி வெச்சது யாருடி? பூனையா?"

டொக்கம்மா தன் ஜாடிகளைப் பார்த்தாள்.

"வர்றவங்களை எல்லாம் அப்பா கூப்பிட்டுக் காட்டுவார். சின்னவ கை, சின்னவ கைன்னு. நான் பக்கத்துலயே நிப்பேன், கையில துணியோட."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"யார்கிட்ட? சூளை திறக்கிற அன்னைக்கு ஒரு நாளாவது நீ இருந்தியா? எதையாவது என்னைக் கேட்டியா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். இப்பவும் நீ கேட்கலை. கேட்பியான்னு பார்த்தேன்."

டொக்கம்மா அந்தக் காலத்து ஜாடிகளை எல்லாம் நினைத்துப் பார்த்தாள். ஊரெல்லாம் 'சின்னவ கை' என்று சொன்ன ஜாடிகள். அவை மூடியது பெரியவளின் கையால். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். சாவி வெட்டுகிறவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்க நினைத்த எதையோ கேட்காமல் விட்டார்.

வீட்டில் வீட்டுக்காரர் பிளாஸ்டிக் டம்ளரோடு காத்திருந்தார்.

"என்ன ஆச்சு?"

"சக்கரம் டாக்டருக்குப் போயிடுச்சு."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. இனி ஆயுசு முழுக்க ஓடுகளைத் தட்டுவாள் என்ற பயம்தான். ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது அனுதாபம் மாதிரியே தெரிந்தது.

"உன் ஜாடி நல்லா வரலையா?"

"ணங்னு சொல்லிச்சு. பத்தும் சொல்லிச்சு."

"பின்ன?"

"வாய் மூடலை."

"அது நம்ம வீட்டுக்குப் புதுசா என்ன?" என்று சொல்லிவிட்டு, அவர் தான் பேசியதைக் கேட்டுத் தானே பயந்துபோனார். டொக்கம்மா திரும்பிப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் சொன்ன முதல் நல்ல வாக்கியம் அது. சிரிப்பு வந்தது. அதை அவருக்குக் காட்டாமல் உள்ளறைக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை, பட்டறையில் விட்டுவந்த காலிப்பரையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு வரப் போனாள். அதற்காக மட்டும்தான் என்று வீட்டில் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள். வேலை நாள் என்பதால் கும்பல் இல்லை. ஆனால் டாக்டர் இருந்தார், க்ளினிக் கோட்டோடு, உணவு இடைவேளையில் ஓடி வந்தவர் மாதிரி. தனக்குக் கிடைத்த சக்கரத்தின் பக்கத்தில் அதில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். அக்கா மூலையில் மெருகு வாளியைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நல்ல வேளை வந்தீங்க" என்றார் டாக்டர். "ஒரு சிக்கல். என்னால சனி ஞாயிறுதான் வர முடியும். மத்த நாள்ல சக்கரம் சும்மா கிடந்தா பெல்ட் இறுகிடுமாம். யாராவது தினமும் ஓட்டிக்கிட்டு இருந்தா நல்லதுன்னு..."

"யார் சொன்னாங்க?"

டாக்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா வாளிக்குள் எதையோ தொலைத்தவள் போலக் குனிந்திருந்தாள்.

"பொதுவா சொல்வாங்க" என்றார் டாக்டர்.

"இத்தனை நாள் தினமும் வந்தீங்களே. பெல்ட் சும்மா கிடந்தா இறுகாது. தளரும்."

"ஆமாமா, தளரும்னுதான் சொன்னாங்க."

"வலிக்காதுன்னு சொல்லிப் பல்லைப் பிடுங்குறீங்களே, அதையும் இப்படித்தான் சொல்வீங்களா? எப்படி டாக்டர் உங்ககிட்ட ஆள் வருது? பொய் சொல்ல ஒரு முகம் வேண்டாமா?"

டாக்டரின் காதுகள் சிவந்தன. டொக்கம்மா அவரைச் சுற்றிப் போய் ஸ்டூலைப் பார்த்தாள். நெட்டை மனிதருக்காக உயர்த்தி வைத்திருந்த ஸ்டூல். முணுமுணுத்துக்கொண்டே திருகைச் சுற்றித் தன் உயரத்துக்கு இறக்கினாள். உட்கார்ந்தாள். காலை மிதியில் வைத்தாள்.

பின்னாலிருந்து ஒரு மண் உருண்டை வந்து பக்கத்துப் பலகையில் 'பொத்' என்று விழுந்தது.

"என்ன பண்ணப் போறே?" என்றாள் அக்கா.

"ஜாடி."

"மூடியோடவா?"

"வேற எப்படி?"

அக்கா, கையில் வடிகிற மெருகோடு அங்கேயே நின்றாள். டொக்கம்மா மண்ணை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். சக்கரம் வெறுமனே சுற்றியது. டாக்டருக்கு க்ளினிக்குக்குப் போக நேரமாகிவிட்டது, அவரும் போகவில்லை.

"மூடியை எவ்வளவு ஈரத்துல வாயில வைக்கணும்?" என்றாள் டொக்கம்மா, சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு, சக்கரத்தையே விசாரிக்கிற குரலில்.

"என்ன கேட்டே? காதுல விழலை."

"மூடியை எவ்வளவு ஈரத்துல வைக்கணும்னு கேட்டேன்."

"அம்மா, அது வந்து, விரலை வெச்சா ஒட்டக் கூடாது, ஆனா நகம் பட்டா..." என்று டாக்டர் ஆர்வமாக ஆரம்பித்தார்.

"நீங்க பேசாம இருங்க டாக்டர்" என்றாள் டொக்கம்மா. "நான் எங்க அக்காவைக் கேட்டேன்."